ராட்டினத்தை விடுங்கள், ராத்திரியைக் கவனியுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாக டைப் 1 சர்க்கரை நோய். தினம் நாலு ஊசி. மே மாத லீவில் என் நாத்தனார் குடும்பம் சென்னைப் பக்கம் தீம் பார்க் போகிறார்கள், எங்களையும் கூப்பிடுகிறார்கள். கோடையில் வயல் வேலை இல்லை என்பதால் கணவருக்கும் அப்போதுதான் தோது. மாமியாரோ, "ஊசி போடுற புள்ளைய ராட்டினத்துல ஏத்தி என்னத்துக்கு வம்பு?" என்கிறார். மகள் "எனக்கு வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு, செல்போனில் அந்த ராட்டின வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழைத்துப் போகலாமா? அந்த வெயிலில் இன்சுலினை எப்படி வைத்துக்கொள்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மன்னார்குடி அருகே

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள், அம்மா. மே மாதம் மட்டும் வேண்டாம்.

உங்கள் மாமியார் ராட்டினத்தை நினைத்துப் பயப்படுகிறார். அது இரண்டு மூன்று நிமிடம் சுற்றிவிட்டு இறக்கி விட்டுவிடும். ஏறும் இடத்தில் வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகையில் இதய நோய், முதுகெலும்புக் கோளாறு, வலிப்பு, கர்ப்பம் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். நோய் வந்து இரண்டே வருடமான, வேறு சிக்கல் இல்லாத பிள்ளை ஏறக் கூடாது என்று பொதுவாக எந்த மருத்துவரும் சொல்வதில்லை. டைப் 1 பிள்ளைக்குச் சிரமம் வருவது ராட்டினத்துக்கு முன்னும் பின்னும்தான். வெயிலில் முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்கும்போது வரும், ஊசி போட்டபின் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது வரும். அன்று ராத்திரி அவள் அடித்துப் போட்டாற்போல் தூங்கும்போதும் வரும். உங்கள் ஏற்பாடெல்லாம் இந்த நேரங்களைச் சுற்றி இருக்கட்டும்.

மே மாதம் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். கத்திரி வெயிலில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடும், போட்ட இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக உடம்பில் சேரும், சர்க்கரை சட்டென்று இறங்கும். அதோடு, லீவுக் கூட்டத்தில் எதற்கும் வரிசை. பிப்ரவரி கடைசியில் போய்ப் பாருங்களேன். சம்பா அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டிருப்பீர்கள், உளுந்து வயலில் பனி ஈரத்திலேயே வளர்ந்துகொண்டிருக்கும், கையில் காசும் இருக்கும். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளாகப் பார்த்துப் போனால் கூட்டமும் குறைவு. ஆறாம் வகுப்பில் இரண்டு நாள் லீவு போட்டால் குடி முழுகிப் போகாது. நாத்தனார் வீட்டாருக்கு அந்தத் தேதி ஒத்துவந்தால் நல்லது. வராவிட்டால் நீங்கள் நாலு பேர் மட்டும் போங்கள்.

எங்கே போவது என்று நீங்கள் எழுதவில்லை. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லா தீம் பார்க் என்றால், மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூர் வரை போக வேண்டியதில்லை, செங்கல்பட்டிலேயே இறங்கிவிடலாம். காரைக்கால்–எர்ணாகுளம் ரயில் இருக்கிறதே, கொச்சி வொண்டர்லாவுக்கே போய்விடலாம் என்று யாராவது சொல்வார்கள். முதல் தடவை அவ்வளவு தூரம் வேண்டாம்.

சரி, இன்சுலின். பிரித்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் மருந்து 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் சுமார் 4 வாரம் தாங்கும். நம் ஊரில் பகல் வெயில் அதைத் தாண்டிவிடுகிறது, நிறுத்தி வைத்த காருக்குள் கேட்கவே வேண்டாம். வீட்டில் கரண்ட் போனால் ஈர மணலில் புதைத்த சின்னக் கலயத்துக்குள் பாட்டிலை வைப்பீர்கள். அதே வித்தையைத்தான் வழியிலும் செய்யப் போகிறீர்கள். தண்ணீரில் நனைத்தால் ஆவியாகிக் குளிர்ச்சி தரும் இன்சுலின் பைகள் விற்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் அகல வாய் பிளாஸ்க் போதும். நிறையப் பேர் செய்கிற தவறு, பிளாஸ்கில் ஐஸைக் கொட்டி அதன்மேல் நேராக மருந்தை வைப்பது. உறைந்துபோன இன்சுலின் உருகிய பிறகு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. தூக்கிப் போட வேண்டியதுதான். குளிர்ந்த தண்ணீர் பாக்கெட்டைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வைத்து, மருந்தை இன்னொரு துணியில் சுற்றி மறுபக்கம் வையுங்கள்.

மருந்தை இரண்டாகப் பிரியுங்கள். உங்கள் கைப்பையில் பாதி, கணவர் பையில் பாதி. ரயிலில் ஒரு பை போனாலும் இன்னொன்று இருக்கும்.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், வெளியூரில் மருந்து வாங்க நேர்ந்தால் உதவும். நம் நாட்டில் இன்சுலின் பாட்டில்கள் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள பாட்டிலும் கிடைக்கிறது. அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இன்சுலின் பேனாவில் போடும் மருந்தும் பெரும்பாலும் 100 யூனிட்தான். அவசரத்தில் 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால், பத்து யூனிட் என்று நினைத்துப் போடுவது இருபத்தைந்தாக உள்ளே போகும். பாட்டிலின் லேபிளை இப்போதே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் அதைக் காட்டி, மருந்தையும் சிரிஞ்சையும் சேர்த்தே வாங்குங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் எந்த இன்சுலின் போடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ரெகுலர் வகை என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போடச் சொல்லியிருப்பார்கள். வீட்டில் சோறு தயாராக இருக்கும், சரி. பார்க்கில் டோக்கன் வாங்கி, கூட்டத்தில் நின்று, தட்டு கைக்கு வருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். அன்று ஒரு நாள் அந்த அரை மணியை என்ன செய்வது, உடனே வேலை செய்யும் வகைக்கு மாறலாமா, மத்தியான அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடாத பார்க்குகள் உண்டு. கிளம்பும் முன் போன் செய்து கேளுங்கள், டாக்டர் கடிதத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். வாசலில் நின்று சண்டை போட்டால் நேரம்தான் வீணாகும். பஞ்சு மிட்டாய் கேட்டால்? அந்த மாவுச்சத்துக் கணக்கை டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி இன்சுலினில் சேர்த்துக்கொண்டு கொடுங்கள். மற்ற பிள்ளைகள் தின்னும்போது இவள் மட்டும் வேடிக்கை பார்க்க வேண்டுமா என்ன?

தண்ணீர் விளையாட்டுதான் அவளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அங்கே ஒரு சிக்கல் உண்டு, பையை லாக்கரில் வைத்துவிட்டு எல்லோரும் அலைக்குளத்தில் இறங்கிவிடுவார்கள். வீட்டில் ஒரு பெரியவர் நனையாமல் கரையில் உட்கார்ந்திருக்கட்டும். மடியில் பை, பையில் குளுக்கோமீட்டர், குளுக்கோஸ் பவுடர், சின்ன அட்டை டப்பா ஜூஸ். ஒரு மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள், அந்தச் சமயத்தில் அவளையும் கரைக்குக் கூப்பிட்டுச் சர்க்கரை பாருங்கள். தண்ணீரில் இறங்கும் முன் 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இறங்கட்டும். விரலைக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகே குத்துங்கள். பஞ்சு மிட்டாய் ஒட்டிய விரல் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும், ஈர விரல் குறைத்துக் காட்டும்.

70-க்குக் கீழே போனால் விளையாட்டு நிறுத்தம். பெரியவர்களுக்கு 15 கிராம் சர்க்கரை என்பது கணக்கு. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 10 கிராம் போதும், அதாவது நிறைய 2 டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கரைத்து. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். கடலை மிட்டாய், சாக்லேட் எல்லாம் இந்த நேரத்துக்கு ஆகாது. அதில் உள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பார்க்கின் முதலுதவி அறை எங்கே இருக்கிறது என்று உள்ளே நுழைந்ததுமே பார்த்து வைத்துவிடுங்கள்.

பெரிய ராட்டினத்தை விட்டு இறங்கியதும் சர்க்கரை கூடியிருந்தால் பதற வேண்டாம். பயமும் குதூகலமும் கொஞ்ச நேரம் சர்க்கரையை ஏற்றும், தானாக இறங்கும். அதைப் பார்த்துக் கூடுதல் ஊசி போட்டுவிட்டு அடுத்த குளத்தில் இறக்கினால்தான் வம்பு.

இனி ராத்திரிக்கு வருகிறேன், எனக்கு அதிகக் கவலை அதுதான். நாள் முழுக்க ஓடி ஆடிய தசைகள், தீர்ந்துபோன சர்க்கரையை ரத்தத்திலிருந்து இழுத்து மறுபடி சேமிக்கும். இது மறுநாள் வரைகூட நடக்கும். விளையாடும்போது 150 என்று காட்டிய பிள்ளைக்கு நடு ராத்திரி இரண்டு மணிக்கு 60-க்கு வரலாம், அசந்து தூங்கும் குழந்தை அதை உணராமலே இருக்கலாம். அதனால் செலவு மிச்சம் என்று அன்று ராத்திரியே ரயில் ஏறாதீர்கள். செங்கல்பட்டிலோ திருப்போரூரிலோ ஒரு அறை எடுங்கள். படுக்கும் முன் சர்க்கரை பார்த்து, ஒரு டம்ளர் பாலோ இரண்டு இட்லியோ கொடுங்கள். இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பாருங்கள். அவளை எழுப்பக்கூட வேண்டாம், விரலை மட்டும் துடைத்துக் குத்திக்கொள்ளலாம். ராத்திரி இன்சுலினை அன்று எவ்வளவு குறைப்பது என்பதும் டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டியதில் ஒன்று.

வாந்தி எடுத்தால் ராட்டினத்தால் வந்தது என்று விட்டுவிடாதீர்கள், சர்க்கரை பாருங்கள். 250-க்கு மேல் இருந்தால் சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) இருக்கிறதா என்று அதற்கான பட்டை வைத்துப் பாருங்கள். கீட்டோன் காட்டினால் அன்றைய ஆட்டம் முடிந்தது, நேராக ஆஸ்பத்திரி. சாப்பிடவில்லையே என்று இன்சுலினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். சர்க்கரை இறங்கினால் என்ன கொடுப்பது என்று டாக்டர் அவருக்கே சொல்லிக் கொடுக்கட்டும். கையில் ஒரு பொறுப்பு வந்தால் பயம் பாதி குறையும். வாசிம் அக்ரமுக்கு 1997-ல் இதே டைப் 1 வந்தது, 2003 வரை பாகிஸ்தானுக்காகப் பந்து வீசினார் என்று கிரிக்கெட் பார்க்கும் உங்கள் கணவர் எடுத்துச் சொல்லலாம். பாகற்காய் ஜூஸ் குடித்தால் ஊசியே வேண்டாம் என்று தெருவில் யாராவது சொல்லியிருந்தால் அதையும் அந்தச் சந்திப்பிலேயே கேட்டுத் தீர்த்துவிடுங்கள். டைப் 1-க்கு அது ஆபத்தான பேச்சு.

மகள் "வேண்டாம்" என்றது உங்களுக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்பதற்காக இருக்கலாம். அத்தை பிள்ளைகள் முன்னால் ஊசி போட்டுக்கொள்ளக் கூச்சமாகவும் இருக்கலாம். அவளிடமே கேளுங்கள். எங்கே ஊசி போடுவது, யாரிடம் சொல்வது, எந்த ராட்டினத்தில் முதலில் ஏறுவது என்று அவள் முடிவு செய்யட்டும். கூட வரும் பிள்ளைகளில் பெரியவருக்கு மட்டும் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: அவள் கை நடுங்கினாலோ, முகம் வெளுத்து வியர்த்தாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, கோபித்துக்கொள்ளாமல் உடனே பெரியவர்களைக் கூப்பிட வேண்டும்.

டாக்டரைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே பாருங்கள். சொன்ன அளவுகளை ஒரே தாளில் எழுதி வாங்கி இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்கும் பட்டைகளை வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு வாங்குங்கள், அன்று ஒரு நாளைக்கே பத்துப் பன்னிரண்டு செலவாகும். டிக்கெட் போடும்போது தேதி மாற்ற வசதி உண்டா என்று கேளுங்கள். கிளம்பும் அன்று காலை அவளுக்குக் காய்ச்சல் என்றால் யோசிக்காமல் தள்ளிப் போட்டுவிடலாம்.