வெளிநாட்டு கராஜ் ராக் சிடிகள்: வடசென்னை சேகரிப்பாளர்களுக்குக் கேள்வி பதில்

கராஜ் ராக் என்றால் அறுபதுகளின் கரடுமுரடான ராக் இசை. முதலில் ஒரு வேண்டுகோள். "இந்த சிடி நல்லதா?" என்று கேட்பவர்கள் அட்டையைப் படமெடுக்க வேண்டாம். சிடியின் அடிப்பக்கத்தில், நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். அங்கே பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணை, அதாவது அச்சின் அடையாள எண்ணை வைத்துத்தான் எந்தப் பதிப்பு என்று சொல்ல முடியும்.

தண்டையார்பேட்டை: அண்ணே, இப்பத்தான் ஆரம்பிக்கிறேன். முதல்ல எதை வாங்கறது?

நக்கெட்ஸ். பல குழுக்களின் பாட்டுகளை லென்னி கே தொகுத்து, 1972இல் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டு அது. 1998இல் ரைனோ நிறுவனம் அதை நான்கு சிடி பெட்டியாக விரித்தது. மொத்தம் 118 பாட்டு, முதல் சிடியில் பழைய 27 பாட்டு அப்படியே இருக்கிறது. முழுவதையும் கேளுங்கள், எந்தக் குழு திரும்பத் திரும்ப இழுக்கிறதோ அதன் ஆல்பத்துக்குப் போங்கள். இந்தக் குழுக்களில் பலவற்றுக்கு ஒன்றிரண்டு பாட்டுதான் வைரம். ஆல்பம் ஆல்பமாக வாங்கத் தொடங்கினால் காசு கரைந்துவிடும்.

ராயபுரம்: சோனிக்ஸ் குழுவோட முதல் ஆல்பம், நார்ட்டன் பதிப்பு. சத்தம் கிழியுது. சிடி பழுதா சார்?

பழுது இல்லை. 1965இல் அவர்கள் வேண்டுமென்றே ஆம்ப்ளிஃபயரையும் டேப்பையும் தாங்காத அளவுக்கு ஓட்டினார்கள். கிழிசல் டேப்பிலேயே இருக்கிறது, அதுதான் அந்த ஆல்பத்தின் அழகும். மறுவெளியீட்டில் சத்தத்தை ஏற்றியதால் வரும் கிழிசல் வேறு வகை. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் பாட்டைத் திறந்து அலையைப் பெரிதாக்குங்கள். உச்சிகள் எல்லாம் ஒரே மட்டத்தில், அதிகபட்ச அளவை ஒட்டிக் கத்தரித்ததுபோல் தட்டையாக நின்றால் அது மாஸ்டர் செய்தவர், அதாவது டேப்பிலிருந்து சிடிக்கான இறுதி ஒலியைத் தயாரித்தவர் கெடுத்தது. உச்சிகள் மேலும் கீழுமாக இருந்து, காதுக்கு மட்டும் கரகரத்தால் அது குழுவின் வேலை.

கொருக்குப்பேட்டை: உறையில "ஸ்டீரியோ"னு போட்டிருக்கு. ஆனா ஒரு பக்கம் பொத்துனாப்ல, இன்னொரு பக்கம் தகரம் மாதிரி கேக்குது.

போலி ஸ்டீரியோ. அறுபதுகளில் மோனோ டேப்பை எடுத்து ஒரு பக்கம் கீழ்ச்சுருதியையும் மறுபக்கம் மேல்சுருதியையும் கூட்டி, இரண்டுக்கும் நடுவில் நூலிழை தாமதம் வைத்து "ஸ்டீரியோ" என்று விற்றார்கள். அதே டேப் சில சிடிகளிலும் ஏறியிருக்கிறது. சோதிக்க வழி இருக்கிறது. ஆடாசிட்டியில் ஸ்டீரியோ தடத்தை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றின் அலையை மேல்கீழாகத் தலைகீழாக்கி, இரண்டையும் கலக்குங்கள். முழு அமைதியானால் சுத்தமான மோனோ. பாடகர் மறைந்து பக்கத்துக்கு ஒன்றாக இருந்த வாத்தியங்கள் தெளிவாக மிஞ்சினால் பெரும்பாலும் அசல் ஸ்டீரியோ. முழுப் பாட்டும் எதுவும் மறையாமல் மெலிந்துபோய் மிஞ்சினால் போலி. இசைத்தட்டிலிருந்து எடுத்த மோனோவிலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும், கூடவே கொறகொறப்பும் கேட்கும். அதைப் போலி ஸ்டீரியோ என்று எண்ணிவிடாதீர்கள்.

சௌகார்பேட்டை: பர்மா பஜார்ல கிடைக்குமா?

தேடி அலைய வேண்டாம். கண்ணில் பட்டால் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் பச்சையோ ஊதாவோ அடித்தால் அது வீட்டில் எரித்த சிடிஆர்.

பெரம்பூர்: ஜப்பான் காகித உறைப் பதிப்புதான் ஒலியில உசத்தி. இதுல என்ன சந்தேகம்?

சந்தேகம் இருக்கிறது. காகித உறை, அதைச் சுற்றிவரும் ஓபி என்ற காகிதப் பட்டை, பாட்டு வரிகள் அச்சிட்ட தாள் எல்லாம் அருமையான கைவேலை. அதற்காக வாங்குங்கள், தப்பே இல்லை. ஒலி என்பது எந்த டேப்பிலிருந்து, யார் மாஸ்டர் செய்தார் என்பதைப் பொறுத்தது. இந்த ஆல்பங்களின் அசல் டேப் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கிறது. ஜப்பான் பதிப்புகள் பலவற்றில் அமெரிக்க, இங்கிலாந்து மாஸ்டரேதான் உள்ளே இருக்கும்.

வியாசர்பாடி: எஸ்எச்எம் சிடின்னா பிளாஸ்டிக்கே வேற ரகமாச்சே அண்ணே?

பிளாஸ்டிக் வேறுதான், இன்னும் தெளிவான பாலிகார்பனேட். ஆனால் அதில் பாட்டு இருப்பதும் எல்லா சிடியையும் போல அதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் எண்களாகத்தான். சாதாரண சிடியைப் பிழையில்லாமல் படிக்கும் பிளேயருக்கு அதே மாஸ்டரில் இரண்டிலிருந்தும் ஒரே எண்கள்தான் வரும்.

பெரம்பூர், மறுபடியும்: காதால கேட்டு வித்தியாசம் தெரியுது. எண்ணைப் பத்திப் பேசினா எப்படி?

உங்கள் காதை நான் குறை சொல்லவில்லை. இரண்டு சிடிக்கும் சத்த அளவு அரை டெசிபல் வேறுபட்டாலே கூடுதல் சத்தமுள்ளது நல்லதாகத் தோன்றும், எல்லோருக்கும் அப்படித்தான். ஆகவே இப்படிச் செய்யுங்கள். இரண்டையும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளின் பாதுகாப்பு முறையில் கணினிக்கு எடுங்கள். ஒரே பாட்டின் இரண்டு கோப்பையும் ஆடாசிட்டியில் ஏற்றி, தொடக்கத்தை மாதிரிப்புள்ளி அளவுக்குப் பெரிதாக்கி ஒன்றாகச் சேருங்கள். அச்சுக்கு அச்சு சில நூறு புள்ளி தள்ளியிருப்பது சகஜம். சத்தத்தைச் சமமாக்கி, ஒன்றைத் தலைகீழாக்கிக் கலக்குங்கள். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் இரண்டும் ஒரே மாஸ்டர், விலை வித்தியாசம் முழுவதும் உறைக்குப் போனது. பாட்டு மிஞ்சினால் மாஸ்டர் வேறு. அப்போது எது நல்லது என்று காது முடிவுசெய்யட்டும், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

எண்ணூர்: எலெக்ட்ரிக் ப்ரூன்ஸ் ஜப்பான் பதிப்பு வாங்கலாமா?

மேலே இரண்டு பேருக்குச் சொன்னதேதான். வளையத்தின் படம் அனுப்புங்கள்.

ஓட்டேரி: மங்க்ஸ் ஆல்பம் எந்த நாட்டு ஆல்பம்? ஜெர்மனியா, அமெரிக்காவா?

பாடியவர்கள் ஜெர்மனியில் பணிபுரிந்த முன்னாள் அமெரிக்கப் படைவீரர்கள். ஆல்பம் 1966இல் ஜெர்மன் பாலிடார் வெளியிட்டது. 2009இல் வந்த லைட் இன் தி ஆட்டிக் நிறுவனப் பதிப்பு போதும்.

புளியந்தோப்பு: மிஸ்டீரியன்ஸ் குழுவோட 96 டியர்ஸ் மலிவா கிடைக்குது, வாங்கிடட்டுமா?

நில்லுங்கள். 1966இல் கேமியோ பார்க்வே நிறுவனம் வெளியிட்ட அசல் பதிவுகள் 2005இல் ஆப்கோ நிறுவனத் தொகுப்பில்தான் முறையாக சிடிக்கு வந்தன. அந்தக் குழு தொண்ணூறுகளில் அதே பாட்டுகளைப் புதிதாகப் பாடிய பதிவும் உண்டு. பின்னட்டையில் பதிவு ஆண்டைப் பாருங்கள்.

இதேபோல் 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழுவின் 1968 "லைவ்" ஆல்பத்தையும் மேடைப்பதிவு என்று நம்பி வாங்காதீர்கள். ஸ்டுடியோப் பதிவுகள்மேல் கைதட்டலை ஒட்டியது அது.

திருவொற்றியூர்: கடல் பக்கத்துலேயே வீடு. சிடி எல்லாம் என்ன ஆகும்?

உப்புக்காற்றும் ஈரமும் முதலில் கெடுப்பது காகித உறையைத்தான். பழுப்புப் புள்ளி விழும். ஒவ்வொன்றையும் பாலிப்ரொப்பிலீன் உறையில் போடுங்கள். பிவிசி உறை வேண்டவே வேண்டாம், நாளானால் பிசுபிசுத்து அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் நாலைந்து பொட்டலம் வையுங்கள். நிறம் மாறியதும் புதிது மாற்றுங்கள்.

பழைய இரட்டை சிடிப் பெட்டிக்குள் பஞ்சுத்துண்டு இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அது உதிர்ந்து சிடியில் ஒட்டி, மேல்பூச்சை அரித்துவிடும். சிடியின் மேல்பக்கம்தான் மென்மையானது. உலோகத்துக்கும் காற்றுக்கும் நடுவில் மெல்லிய அரக்குப்பூச்சு மட்டுமே. துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள்.

வளையத்தில் இங்கிலாந்து பிடிஓ என்று இருக்கிறதா, 1988 முதல் 1993க்குள் அச்சானதா? விளிம்பைப் பாருங்கள். உறைத்தாளிலிருந்த கந்தகத்தைத் தாங்காத அரக்கினால் அந்த ஆலையின் சிடிகள் வெண்கல நிறமாகிப் பாழாயின. சிடி உள்ளிருந்து வெளியே ஓடுவதால் கடைசிப் பாட்டு முதலில் போகும். பழுப்பு தெரிந்தால் அன்றைக்கே கணினியில் எடுத்து வையுங்கள், பிறகு முடியாது.

வண்ணாரப்பேட்டை: பார்சல்ல "பரிசு"ன்னு எழுதச் சொன்னா வரி மிச்சமாமே?

வேண்டாம். 2019 டிசம்பரிலிருந்து பரிசு என்ற பெயரில் தபாலிலும் கூரியரிலும் வரியில்லாமல் பொருள் இறக்குவது தடை. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் விலக்கு. பழைய இசை சிடி என்று உண்மை விலையோடு எழுதச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றி, சிடியையும் தாள்களையும் மட்டும் இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் அனுப்பச் சொன்னால் எடை பாதிக்குமேல் குறையும். பெட்டி உடைந்து வரும் பேச்சும் இல்லை. புதுப்பெட்டி இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

மூலக்கடை: இதே ஆல்பங்க இசைத்தட்டா வாங்கினா எந்த அச்சு நல்லது?

இசைத்தட்டு என் துறை இல்லை. அதில் ஊறியவர்களிடம் கேளுங்கள்.

மாதவரம்: சீட்ஸ் முதல் ஆல்பம், இங்கிலாந்துப் பதிப்பு. அட்டைப் படம் அனுப்பியிருக்கேன், அசலா சொல்லுங்க.

பிக் பீட் நிறுவனப் பதிப்பு என்றால் தைரியமாக வாங்கலாம். ஆனால் அட்டையை எவரும் நகலெடுத்துவிடுவார்கள். சிடியைத் திருப்பி வளையத்தைப் படமெடுங்கள். பட்டியல் எண்ணும், பக்கத்தில் பொடி எழுத்தில் ஐஎஃப்பிஐ என்ற ஆலை அடையாளக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். 1994க்குப் பின் அச்சானதில் அந்தக் குறி இல்லையென்றால், வேறு ஆதாரம் கிடைக்கும்வரை பணம் அனுப்பாதீர்கள்.