கிட்டு டார்ச்சு: ரெசிஸ்டரை மட்டும் தூக்கிப் போட்றாதீங்க

தேனி மாவட்டம் கூடலூர்ல ரிப்பேர் கடை வச்சிருக்கேன். ஸ்கூல் பிள்ளைங்க சேர்த்துப் பழகுற டார்ச் கிட்டு, அதாவது 1.5 வோல்ட் பேட்டரி கட்டை மூணு, 5 மில்லிமீட்டர் வெள்ளை எல்இடி ஒண்ணு, 68 ஓம் ரெசிஸ்டர், ஒரு சுவிட்சு, இத வச்சு நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றேன்.

கம்பத்துல இருந்து ஒரு தம்பி: அண்ணே, ரெசிஸ்டர் இல்லாம நேரா குடுத்தா வெளிச்சம் தூக்கலா இருக்கே, அப்படியே விட்டுறவா?

வேணாம் தம்பி. கட்டை மூணும் சேந்து 4.5 வோல்ட், வெள்ளை எல்இடிக்குத் தேவை சுமாரா 3.2 தான், மிச்சம் 1.3 வோல்ட்டை யாராவது தாங்கணும்ல, அதத்தான் ரெசிஸ்டர் தாங்குது. 1.3ஐ எல்இடிக்கு வேண்டிய கரண்ட் 0.02 ஆம்பியரால வகுத்தா 65 ஓம் வரும், கடையில கிடைக்கிற பக்கத்து சைஸ் 68. கையில எடுத்துப் பாருங்க, நீலம், சாம்பல், கருப்பு, ஓரத்துல தங்கக் கலர்னு வளையம் இருக்கும். அது இல்லைன்னா கரண்ட் கட்டுக்கடங்காம ஏறி உள்ள இருக்குற சிப்பு சூடாகி, வெளிச்சம் கம்மியாகிக் கம்மியாகி செத்துப் போகும். சட்டைப் பட்டன் மாதிரி சின்ன கட்டையில நேரா எரியுதேன்னு கேப்பீங்க, அந்தக் கட்டையால ரொம்ப கரண்ட் குடுக்க முடியாது, அதனால தப்பிக்குது.

போடியில இருந்து ஒரு டீச்சர்: பசங்க மூணு எல்இடி மாட்டணும்ங்கிறாங்க, ஒரே ரெசிஸ்டர் போதுமா?

போதாது டீச்சர், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா 68 ஓம் போடச் சொல்லுங்க. ஒரே கவர்ல இருந்து எடுத்தாலும் ரெண்டு எல்இடி ஒண்ணு போல இருக்காது, வோல்ட்டு கொஞ்சம் கம்மியா கேக்குறது கரண்டை அதிகமா இழுத்துக்கும். வரிசையா ஒண்ணு பின்னால ஒண்ணு மாட்டுனா 9.6 வோல்ட் வேணும், 4.5ல எரியவே எரியாது.

கூடலூர்லயே ஒருத்தர்: எல்லாத்தையும் சால்டரிங் பண்ணிப் பத்த வச்சாச்சு, லைட் எரியல.

எல்இடியத் திருப்பி மாட்டுங்க. நீளக் கால் பிளஸ். 4.5 வோல்ட்ல மாத்தி மாட்டுனதுக்கெல்லாம் பெரும்பாலும் கெடாது, பயப்படாதீங்க.

சின்னமனூர்ல இருந்து ஒருத்தர்: பழைய லேப்டாப் பேட்டரி கட்டை போடலாமா?

அதுல ஒரு கட்டை முழுசா சார்ஜ் ஏறுனா 4.2 வோல்ட், அதனால அதே 68 ஓமுக்கு எல்இடி நல்லாவே எரியும். ஆனா அது ஷார்ட் ஆனா தீப்பிடிக்கும்ணே, சால்டரிங் அயனை நேரா கட்டை மேல வைக்கவே வைக்காதீங்க, ஷார்ட் ஆனா கரண்டை நிறுத்துற பாதுகாப்பு போர்டு இல்லாம பிள்ளைங்க கையில குடுக்கவும் கூடாது. எனக்கு இதுல மனசு ஒப்பல, சாதாக் கட்டையே போதும்.

குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போற அக்கா ஒருத்தங்க: விடியக்காலம் மூட்டத்துல லைட் அடிச்சா வெள்ளையாத்தான் தெரியுது, பாதை தெரியல தம்பி.

லைட்டு கண்ணுக்குப் பக்கத்துல இருந்தா பனியில பட்ட வெளிச்சம் அப்படியே கண்ணுக்குத் திரும்பி வந்துரும்க்கா. நெத்தியில கட்டாம இடுப்புக்குக் கீழ பிடிச்சுத் தரையப் பாத்து அடிங்க. அப்புறம் மழைக்காலத்துல சும்மா கிடக்குற லைட்டுல இருந்து கட்டையக் கழட்டி வச்சிருங்க, இல்லைன்னா கசிஞ்சு ஸ்பிரிங் மேல வெள்ளையா உப்பு மாதிரி பூத்துரும், பூத்துட்டா அதக் கையால தொடாம, துணியில லேசா வினிகர் தொட்டுத் தொடைச்சு, காய விட்டு, உப்புத்தாள் போட்டுத் தேச்சா திரும்ப எரியும்.