புழுக்க நாளில் வாசலில் தொங்கும் தேனீக்கள்: ஈரச்சாக்கு உதவுமா?

கேள்வி: பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். லயத்துக்குப் பின்னால் இரண்டு தேன்பெட்டிகள் வைத்திருக்கிறேன். இந்த வெயிலுக்கு மேலே தகரம் போட்டு, பகலில் ஈரச்சாக்கும் போர்த்துகிறேன். அப்படியும் பின்னேரத்தில் ஈக்கள் வெளியே வந்து வாசலில் கொத்தாகத் தொங்குகின்றன. பக்கத்துப் பிள்ளைகள் குளவி என்று பயப்படுகிறார்கள். போன வருடம் இதே காலத்தில் ஒரு கூட்டம் பெட்டியை விட்டே போய்விட்டது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஈரச்சாக்கை எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

முட்டையும் புழுவும் இருக்கும் அடைகளை ஈக்கள் ஏறக்குறைய 33 முதல் 35 பாகை செல்சியஸ் சூட்டிலேயே வைத்திருக்கப் பாடுபடும். வெளியே சூடு ஏறினால் தண்ணீர் கொண்டுவந்து அடையின் மேல் சிறு துளிகளாக வைத்து, சிறகால் விசிறி ஆவியாக்கும். அப்போது உள்ளே சூடு இறங்கும். காய்ந்த காற்று வீசும் நாளில் இது நன்றாக நடக்கும். ஆனால் மார்ச், ஏப்ரலில் உங்கள் பக்கம் காலையெல்லாம் வெயில், பின்னேரம் இடிமழை, மழை விட்டதும் புழுக்கம். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் துளி லேசில் காயாது. அதன்மேல் ஈரச்சாக்கும் கிடந்தால் பலகை ஊறி, காற்றுப் போகிற இடுக்கும் அடைபட்டு, உள்மூடியில் பூஞ்சணம் பிடிக்கும். புழுக்கத்தில் பெட்டிக்கு வேண்டியது நிழலும் காற்றும்தான்.

இன்னொரு விஷயம். தேனீ வளர்ப்பு பற்றி யூடியூப்பில் வரும் வீடியோக்களில் பெரும்பாலானவை ஐரோப்பியத் தேனீக்கு உரியவை. இலங்கையில் நாம் பெட்டியில் வளர்ப்பது நாட்டுத் தேனீ, ஏபிஸ் செரனா. இரண்டின் பழக்கமும் ஒன்றல்ல. ஒரு வெயில் மத்தியானத்தில் வாசல் பலகைக்குப் பக்கவாட்டில் குந்திப் பாருங்கள். விசிறுகிற ஈக்கள் தலையை வெளிப்பக்கம் வைத்து, பின்பக்கத்தை வாசலுக்குக் காட்டி நிற்கும். அதாவது நம் ஈ வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறது. ஐரோப்பியத் தேனீ தலையை வாசல் பக்கம் வைத்து, உள்காற்றை வெளியே இழுத்துவிடும். உள்ளே தள்ளிய காற்று வெளியேற வழியில்லாவிட்டால் சூடும் ஈரமும் பெட்டிக்குள்ளேயே தங்கும்.

அந்த வழியை நீங்கள் செய்து கொடுக்கலாம். உள்மூடியின் நடுவிலும் மேல்மூடியின் பக்கச் சட்டத்திலும் ஒரு துளை போதும். ஆனால் வெறும் துளையாக விடக்கூடாது, அடையைத் தின்னும் மெழுகுப் பூச்சி புகுந்துவிடும். ஜன்னலுக்கு அடிக்கும் நுளம்புக் கம்பிவலையில் ஒரு துண்டு வெட்டி ஆணி அடியுங்கள். நைலோன் வலை வேண்டாம், ஈக்கள் கடித்துப் பிய்த்துவிடும்.

தகரம் மழைக்கு நல்லது, வெயிலுக்கு அடுப்பு. அதை எறிந்துவிட வேண்டியதில்லை. மேல்மூடிக்கும் தகரத்துக்கும் இடையில் இரண்டு ரீப்பைக் கட்டைகளை வைத்துக் காற்றுப் போக இடம் விடுங்கள். தகரத்தின் மேல் மானாப்புல்லைத் தடிப்பாக வேய்ந்து, காற்றுக்குப் பறக்காமல் கட்டுங்கள். காலை வெயில் வாசலில் பட்டால் நல்லது, மத்தியான வெயில்தான் படக்கூடாது. சவுக்கு மர நிழல் இருந்தால் இன்னும் வசதி. பெட்டியை அங்கே மாற்ற நினைத்தால் ஒரேயடியாகத் தூக்கி வைக்காதீர்கள். தினமும் ஓரிரு அடியாக நகர்த்தினால்தான் வெளியே போன ஈ வழி தவறாமல் திரும்பும்.

பெட்டியின் பின்பக்கம் சற்று உயர்ந்திருக்கட்டும், மழைத்தண்ணீர் வாசல் வழியே வடிந்துவிடும். எறும்புக்காகக் கால்களுக்கு அடியில் தண்ணீர்ச் சிரட்டை வைப்பார்கள். டெங்கு பரவுகிற காலத்தில் அது வேண்டாம், கழித்த எஞ்சின் ஒயில் ஊற்றுங்கள். ஈக்கள் குடிக்க, அகலமான தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். மருந்து அடித்த மலைக் காணுத் தண்ணீரை அவை தேடிப் போகாமல் இருக்கவும் இது உதவும்.

சரி, அந்தக் கொத்துக்கு வருவோம். பின்னேரம் வெளியே தொங்கி, இரவு குளிர்ந்ததும் உள்ளே போய், காலையில் காலில் மகரந்தத்தோடு ஈக்கள் வந்துபோனால் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே நெரிசலைக் குறைக்க வெளியே வந்திருக்கின்றன, அவ்வளவுதான். புகை போடாதீர்கள், விரட்டாதீர்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தள்ளி நின்று காட்டுங்கள். குளவிக்கொட்டு பற்றிக் கேட்டு வளர்கிற பிள்ளைகள், பயப்படத்தான் செய்வார்கள்.

கவலைப்பட வேண்டிய அடையாளம் வேறு. மகரந்தம் வருவது நின்றுபோகும். அடை கட்டிய சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் புது முட்டை இருக்காது, மெழுகால் மூடாத அறைகளில் புழு குறைந்திருக்கும், சேர்த்த தேனும் கரைந்திருக்கும். நாட்டுத் தேனீ போக முடிவெடுத்தால் பெரும்பாலும் மூடிய கூட்டுப்புழு பொரிந்து வரும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கிளம்பும். அந்தச் சில நாட்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். இரண்டு பெட்டி இருப்பது இங்கே பெரிய பலம். நன்றாக இருக்கும் பெட்டியிலிருந்து புழு நிறைந்த சட்டம் ஒன்றை, ஈக்களை மெதுவாக உதறிவிட்டு, மற்றதில் வையுங்கள். புழுவை விட்டுப் போக ஈக்கள் தயங்கும். பின்னேரத்தில் சீனிப்பாகும் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் புழுக்களைக் கவனியுங்கள். தோல் பை மாதிரி உப்பிச் செத்த புழு எந்தப் பெட்டியிலாவது தெரிந்தால், அது பைப்புழு நோயாக இருக்கலாம். அப்படியானால் சட்டத்தை மாற்றவே கூடாது. பண்டாரவளையில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

பெட்டியைத் திறப்பதென்றால் வெயில் ஏறுமுன், வேகமாகப் பார்த்து மூடிவிடுங்கள். ஈக்கள் மொய்க்காத கறுத்த பழைய அடைகளை எடுத்துவிடுங்கள், மெழுகுப் பூச்சி முதலில் முட்டையிடுவது அங்கேதான். அடிப்பலகைத் தூசியை வாரத்துக்கு ஒரு முறை வழித்துத் துடையுங்கள். இந்தக் காலத்தில் மூடாத தேனை எடுக்கவே வேண்டாம். அதில் தண்ணீர் அதிகம், போத்தலில் புளித்து நுரைக்கும். மெழுகால் மூடிய அடையை மட்டும் எடுங்கள், மழை நாட்களில் ஈக்களுக்கும் கொஞ்சம் விட்டுவையுங்கள்.