குளிர் யார் பக்கம் இருந்தது?

கேள்வி: பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். 1941-இல் ஹிட்லர் திடீரென்று சோவியத் யூனியன் மீது படையெடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "கடைசியில ஜெயிச்சது குளிர்தானே மிஸ், அந்த ஊர்க்காரங்க என்ன பண்ணாங்க?" என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என்ன சொல்லலாம்?
– ஓர் ஆசிரியை, மன்னார்குடி

பதில்: பையனைத் திட்டிவிடாதீர்கள், டீச்சர். தோற்றுப்போன ஜெர்மன் தளபதிகளே பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் பழியைக் குளிர் மேல் போட்டுத் தப்பிக்கப் பார்த்தார்கள். அவன் சின்னப் பிள்ளை.

முதலில் அவனை மாதங்களை எண்ணச் சொல்லுங்கள். படையெடுப்பு தொடங்கியது ஜூன் 22, ஞாயிறு விடியற்காலை. நல்ல கோடை. மாஸ்கோ வாசலில் செம்படை, அதாவது சோவியத் ராணுவம், திருப்பி அடித்தது டிசம்பர் 5. நடுவில் ஐந்தரை மாதம். அதில் பெரும்பகுதி குளிரே இல்லாத காலம்.

அந்த ஆரம்ப நாட்களை மறைக்காமல் சொல்லுங்கள். எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருந்தும் ஸ்டாலின் நம்பவில்லை. முதல் நாளே நூற்றுக்கணக்கான சோவியத் விமானங்கள் தரையில் நின்றபடியே எரிந்தன. ஏழாம் நாள் பெலாரஸ் தலைநகரான மின்ஸ்க் ஜெர்மானியர் கைக்குப் போனது. மக்களுக்குச் செய்தியை வானொலியில் சொன்னவர் வெளியுறவு அமைச்சர் மோலோடோவ். ஸ்டாலின் வாய் திறக்கப் பதினோரு நாள் ஆயிற்று. ஜூலை 3 அன்று "சகோதர சகோதரிகளே" என்று அழைத்தார். அதுவரை அந்த மனிதர் வாயிலிருந்து மக்கள் கேட்டிராத வார்த்தை அது.

பையனின் கேள்விக்கு உண்மையான பதில் ரயிலில் இருக்கிறது. போர் தொடங்கிய மூன்றாம் நாள், ஜூன் 24 அன்றே, தொழிற்சாலைகளையும் மக்களையும் கிழக்கே நகர்த்த ஒரு குழு போட்டார்கள். ஜூலை முதல் நவம்பர் வரை 1,523 தொழிற்சாலைகள் பெயர்த்தெடுக்கப்பட்டு யூரல் மலைப் பக்கமும், சைபீரியாவுக்கும், மத்திய ஆசியாவுக்கும் போயின. ஏறக்குறைய 15 லட்சம் வேகன் சரக்கு. மேற்கே சிப்பாய்களை இறக்கிவிட்ட வண்டியே திரும்பும்போது லேத்துகளை ஏற்றிக்கொண்டு வந்தது. உக்ரைனின் கார்கிவ் நகரத்து டாங்கித் தொழிற்சாலை யூரல் பக்கத்து நிஷ்னி தகில் நகரம் போய்ச் சேர்ந்தது. அக்டோபரில் கார்கிவ் ஜெர்மானியர் கைக்குப் போனது. டிசம்பரில் நிஷ்னி தகிலில் டி-34 டாங்கிகள் வெளியே வரத் தொடங்கிவிட்டன. கூரை முடியாத கொட்டகையில் எந்திரத்தை நிறுத்தி ஓட்டியிருக்கிறார்கள். கை எட்டாத பிள்ளைகள் பெட்டி மேல் ஏறி நின்று லேத் பிடித்தார்கள். உங்கள் பத்தாம் வகுப்பு வயதுதான் அவர்களுக்கும்.

வந்தவனுக்கும் ரயில்தான் தலைவலி. சோவியத் தண்டவாளம் ஜெர்மன் தண்டவாளத்தைவிட சுமார் ஒன்பது சென்டிமீட்டர் அகலம். அவர்கள் வண்டி இதில் ஓடாது. மீட்டர் கேஜிலிருந்து இறங்கி அகலப் பாதை வண்டிக்கு மூட்டை தூக்கிய அனுபவம் உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இருக்கும். பையனை அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். பாதையை மாற்றி மாற்றித்தான் முன்னேற வேண்டியிருந்தது. சரக்குப் பின்தங்கியது. குண்டும் பெட்ரோலும் முதலில் என்று ஆனதால், கம்பளி உடுப்புகள் போலந்திலேயே தேங்கிக் கிடந்தன. அதற்குள் போர் முடிந்துவிடும் என்ற கணக்கு வேறு. ஆக, குளிர் கொன்றது என்றாலும், குளிரின் கையில் ஆளைச் சிக்கவைத்தது அந்தக் கோடை.

இன்னொன்று, இதைக் கேட்டால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்: குளிர் முதலில் உதவியது ஜெர்மானியருக்கு. அக்டோபர் மழையில் சாலையெல்லாம் சேறாகி டாங்கிகள் புதைந்தன. நவம்பரில் தரை உறைந்து இறுகிய பிறகுதான் அவை மறுபடி மாஸ்கோவை நோக்கி உருண்டன. மாஸ்கோவைச் சுற்றி டாங்கித் தடுப்புப் பள்ளங்களை மண்வெட்டியால் தோண்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

எல்லாரும் வீரர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஜெர்மானியர் நெருங்கிவிட்டார்கள் என்ற பீதியில் அக்டோபர் 16 அன்று மாஸ்கோவில் மெட்ரோகூட ஓடவில்லை. கிடைத்த வண்டியில் ஏறி அதிகாரிகளே ஓடினார்கள். சரணடைந்தால் துரோகி, குடும்பத்துக்கும் தண்டனை என்று ஆகஸ்டில் ஓர் ஆணை வந்தது. வோல்கா பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஜெர்மானிய வம்சாவளியினரை மூட்டை முடிச்சோடு சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் விரட்டினார்கள். எதிரியிடம் பிடிபட்ட செம்படையினரில் சுமார் 20 லட்சம் பேர் அடுத்த வசந்தத்துக்குள் பட்டினியிலும் நோயிலும் குளிரிலும் துப்பாக்கிச் சூட்டிலும் செத்தார்கள். சோவியத் சிப்பாயையும் குளிர் விடவில்லை. அவன் காலில் அழுத்திய கம்பளியால் செய்த வாலென்கி பூட்ஸ் இருந்தது, அவ்வளவே.

ஒரு யோசனை. அடுத்த வகுப்புக்குப் போகும்போது கொஞ்சம் பிரெட்டும் ஆய்வகத் தராசும் எடுத்துப் போங்கள். முற்றுகையில் இருந்த லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை தொழிலாளிக்கு நாளுக்கு 250 கிராம் ரொட்டி, மற்றவர்களுக்கு 125. அந்தப் பையனையே 125 கிராம் நிறுக்கச் சொல்லுங்கள். கடை பிரெட்டில் நாலைந்து துண்டு வரும். அவர்களுடையதில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் மரக்கூழும் கலந்திருந்தன. ஈரம் ஏறிக் கனத்துக் கிடந்ததால் அதே 125 கிராம் ஒரே துண்டுதான். சாம்பார் கிடையாது, சட்னி கிடையாது. மறுநாள் காலைவரை அவ்வளவுதான்.