அந்தத் தூள் எந்த எலும்பு?

கேள்வி: ஆறு வருஷம் முன்பு கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். இப்போது அங்கே இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கப் போனால், ‘எலும்பு தேய்ந்துவிட்டது, தூள் வைத்து ஆறு மாதம் பொறுக்கணும்’ என்கிறார் டாக்டர். அது மாட்டெலும்பு என்கிறாள் பக்கத்து வீட்டுப் பெண். நாங்கள் சைவம். எனக்கு வயது 58. என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது உண்மையாக இருக்கலாம், அம்மா. பரவலாகப் பயன்படும் தூள்களில் ஒன்று மாட்டெலும்புதான். புரதத்தை நீக்கி, தாது மட்டும் மிஞ்சும்படி பதப்படுத்தியிருப்பார்கள். மேலே போர்த்தும் சவ்வும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்த கொலாஜன் என்ற புரதமாக இருக்கக்கூடும்.

பல வருஷம் முன்பு ஒரு பாட்டியம்மாவுக்கு இதைச் சொல்லாமலே வைத்துவிட்டேன். தையல் பிரிக்க வந்த அன்று, “இது எதுல செஞ்சது தம்பி?” என்று கேட்டார். பதிலைக் கேட்டு அழுதுவிட்டார். கேட்காமல் வைத்தது என் தவறு. அன்றிலிருந்து ஊசி போடுமுன் டப்பாவைக் காட்டிவிடுகிறேன். நீங்களும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மாற்று இருக்கிறது. ட்ரைகால்சியம் பாஸ்பேட், ஹைட்ராக்ஸிஅபடைட் என்று செயற்கையாகத் தயாரிக்கும் தூள்கள் கிடைக்கின்றன. உங்கள் கீழ்த்தாடையின் பின்கோடியிலிருந்தே கொஞ்சம் எலும்பு சுரண்டியும் வைக்கலாம். உயிருள்ள செல்லோடு வருவதால் அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் இன்னொரு இடத்திலும் புண் ஆற வேண்டும். சவ்வுக்குப் பதில் உங்கள் ரத்தத்தையே சுழற்றி எடுக்கும் பி.ஆர்.எஃப் என்ற ஜவ்வுப் படலம் போதுமா என்பது எலும்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பல் போனதும் அதைத் தாங்கிய எலும்புக்கு வேலை போய்விடுகிறது. முதல் வருஷத்திலேயே அகலத்தில் பாதிவரை கரையலாம். உங்களுக்கு ஆறு வருஷம். ஆனாலும் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் பார்க்காமல் தூளுக்குச் சம்மதிக்காதீர்கள். கீழே ஓடும் நரம்புக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் எலும்பு இருக்கிறது என்று அதில் தெரியும். குட்டை இம்ப்ளான்டே போதும் என்றும் வரலாம்.

உங்கள் வயதில் நான் முதலில் கேட்பது வேறொன்று. உடம்பு எலும்புகள் மெலிந்து பலவீனமாகும் ஆஸ்டியோபொரோசிஸ் நோய்க்கு வாரம் ஒரு மாத்திரையோ வருஷம் ஒரு ஊசியோ போடுகிறீர்களா? அலெண்ட்ரோனேட், ஸோலெட்ரோனிக் ஆசிட் போன்றவை என்றால் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அபூர்வமாகத் தாடைப் புண் ஆறாமல் எலும்பே வெளியே தெரியும் நிலை வரும். அதற்குப் பயந்து நீங்களாக மருந்தை நிறுத்திவிடவும் வேண்டாம்; எழுதிக்கொடுத்த டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.