எஸ்எஸ்எச்-சாட்: சொந்த சர்வரில் தற்காலிக அரட்டை (கேள்வி பதில்)

கே: எஸ்எஸ்எச்-சாட்டுக்குப் பேச வருபவர் கணினியில் என்ன நிறுவணும் சார்?

ப: எதுவும் வேண்டாம். இது கோ மொழியில் எழுதிய எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) சர்வர். உள்ளே வந்தால் ஷெல்லுக்குப் (கட்டளை அடிக்கும் திரை) பதில் அரட்டை திறக்கும். வழக்கமான எஸ்எஸ்எச் கிளையன்ட் இருந்தால் போதும். இயல்பு போர்ட் 2022, ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள்.

கே: பேசியதெல்லாம் நிஜமாவே அழிஞ்சிடுமா?

ப: சர்வரில், பெரும்பாலும். புதிதாக நுழைபவருக்குக் காட்டக் கடைசி 20 பொதுச் செய்திகளை மட்டும் நினைவகத்தில் வைத்திருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் அதுவும் போச்சு. லாக் விருப்பத்தைப் போட்டு ஓட்டினால் கதை வேறு, கோப்பில் விழுந்துவிடும். பலர் மறப்பது எதிர்முனையை, அதாவது பேசுபவர்களின் கணினியை. டெர்மினலை மேலே உருட்டினால் அத்தனையும் இருக்கும். ஒரே டெர்மினலில் பல திரைகளை ஓட்டும் டிமக்ஸ் கருவியே இயல்பாக 2000 வரி வைத்துக்கொள்ளும்.

கே: தனிச்செய்தியை அட்மின் படிக்கலாமா?

ப: சர்வரை நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம். குறியாக்கம் சர்வர் வரைதான். அவரை நம்பாவிட்டால் சிக்னல் செயலிக்குப் போங்கள்.

கே: என் பெயரில் வேறொருத்தர் நுழைஞ்சா?

ப: நீங்கள் இல்லாத நேரத்தில் யாரும் அந்தப் பெயரை எடுக்கலாம். ஹூஇஸ் கட்டளையில் வரும் கைரேகையைத்தான் (ஒருவரின் சாவியை அடையாளம் காட்டும் சிறு எழுத்துவரிசை) நம்பணும். மூடிய அறை வேண்டுமென்றால் எல்லாரிடமும் இடி25519 (ஒரு எஸ்எஸ்எச் சாவி வகை) பொதுச்சாவி வாங்கி, வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் போட்டு, அலவ்லிஸ்ட் விருப்பத்தில் கொடுங்கள் (பழைய பதிப்பில் வைட்லிஸ்ட்). சாட் செயலியிலிருந்து ஒட்டும்போது சாவி இரண்டு வரியாக உடைந்தால் அந்த ஆள் உள்ளே வர முடியாது. முதலில் அதைப் பாருங்கள்.

கே: சர்வரை மறுபடி நிறுவினேன். எல்லாருக்கும் ஹோஸ்ட் சாவி மாறிடுச்சுன்னு எச்சரிக்கை வருது.

ப: ஹோஸ்ட் சாவி என்பது சர்வரின் அடையாளம். ஐடென்டிட்டி விருப்பத்தில் புதுச் சாவி கொடுத்திருப்பீர்கள். பழையது பேக்கப்பில் இருந்தால் அதையே வையுங்கள். இல்லையேல் புதுக் கைரேகையை வேறு வழியில் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையால் தங்கள் கணினியிலுள்ள பழைய சாவிப் பதிவை நீக்கலாம். எஸ்எஸ்எச்சின் வழக்கமான போர்ட் 22 இல்லாததால் முகவரியைச் சதுர அடைப்புக்குள் போட்டு, பின்னால் :2022 சேர்க்கணும். வெறும் முகவரி கொடுத்தால் அந்தப் பதிவு சிக்காது.

கே: தமிழில் அடிச்சா கர்சர் தாறுமாறா ஓடுதே அண்ணே?

ப: 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறி. சர்வர் ஐந்து கட்டமாக எண்ணுகிறது, திரை அப்படி வரைவதில்லை. செய்தி சரியாகவே போய்ச் சேரும். எடிட்டரில் தட்டி ஒட்டுங்கள், ஒரே வரியாக. ஒவ்வொரு வரிமுறிவும் தனிச் செய்தியாகப் பறந்துவிடும்.