பாட்டு நல்லா இருக்கு, குரல் ஏன் இப்படி?

கே: என் மகன் ‘தி ஸ்ட்ரோக்ஸ்’ என்ற நியூயார்க் ராக் குழுவின் முதல் ஆல்பமான ‘இஸ் திஸ் இட்’டை ஓயாமல் போடுகிறான். பாட்டு பிடித்திருக்கிறது. ஆனால் பாடகரின் குரல் பழைய லேண்ட்லைன் போனில் வருகிற மாதிரி இருக்கிறது. காசில்லாமல் மட்டமாகப் பதிவு செய்துவிட்டார்களோ?
– வாசகி, கரூர்

ப: வேண்டுமென்றே செய்த காரியம் அம்மா அது. பிக்ஸீஸ் குழுவோடு வேலை பார்த்த பெரிய தயாரிப்பாளர் கில் நார்ட்டனை வைத்து முதலில் சில பாட்டுகள் பதிவு செய்தார்கள். ரொம்பச் சுத்தமாக வந்துவிட்டது என்று அதைத் தூக்கிப் போட்டார்கள்! அப்புறம், தங்கள் டெமோவை, அதாவது மாதிரிப் பதிவை, செய்துகொடுத்த கார்டன் ரஃபேலிடமே திரும்பினார்கள். அவருடைய ஸ்டுடியோ மன்ஹாட்டனில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. 2001 வசந்த காலத்தில் அங்கேதான் ஆல்பம் உருவானது.

நீங்கள் சொல்லும் போன் குரலுக்குக் காரணம், பீவி கம்பெனியின் சின்னப் பயிற்சி ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி. பாடகர் ஜூலியன் காசாபிளாங்காஸ் பாடியதை அதற்குள் விட்டுப் பதிவு செய்தார்கள். அந்தக் குட்டி ஸ்பீக்கரில் குரலின் அடிக்கனமும் வராது, மேலே உள்ள பளபளப்பும் வராது. நடுப்பகுதி மட்டும் மிஞ்சும், கொஞ்சம் கரகரப்பும் சேரும். தூங்கி எழுந்த சலிப்போடு பாடுகிற ஆளுக்கு அது கச்சிதம். குரல் எப்போதும் முன்னால் நின்றே பழகிய நம் காதுக்கு முதலில் உறுத்தத்தான் செய்யும்.

நான் ஒலிப்பதிவுக்காரன். ‘ஸ்ட்ரோக்ஸ் மாதிரி அழுக்கா வேணும் அண்ணா’ என்று கேட்டுக்கொண்டு வரும் பையன்களுக்கு முதலில் ‘ஹார்ட் டு எக்ஸ்ப்ளெய்ன்’ போட்டுக் காட்டுவேன். டிரம்ஸ் மெஷின் என்றே நினைப்பார்கள். வாசித்தது ஃபாப்ரிஸியோ மொரெட்டி என்ற மனிதர்தான். ஒலியைத்தான் மெஷின் மாதிரி மாற்றினார்கள். இரண்டு கிடார்களும் ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று நுழைகிற விதத்தைக் கவனியுங்கள், ஒரு இடத்தில்கூட முட்டிக்கொள்ளாது. 11 பாட்டு, மொத்தம் சுமார் 36 நிமிடம். வாசிப்பு இவ்வளவு சுத்தமாக இருந்தால் ஒலியைத் தாராளமாக அழுக்காக்கலாம். தாளமே தடுமாறுகிற பதிவை ஆம்ப் வழியாக விட்டால் என்ன கிடைக்கும் என்று அந்தப் பையன்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கே: கிழிந்த சட்டை, கலைந்த தலை… ஸ்ட்ரோக்ஸ் பையன்கள் தெருவில் கஷ்டப்பட்டு வந்தவர்களா?
– வாசகர், தென்காசி

ப: சட்டை மட்டும்தான் அப்படி. காசாபிளாங்காஸின் அப்பா ‘எலீட்’ மாடலிங் ஏஜென்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். கிடார் வாசிக்கும் ஆல்பர்ட் ஹேமண்ட் ஜூனியரின் அப்பா பேர்போன பாடலாசிரியர். இவர்கள் இருவரும் சந்தித்ததே சுவிட்சர்லாந்தின் ‘லெ ரோஸே’ உறைவிடப் பள்ளியில்! பலரும் இதை வைத்துக் கிண்டல் செய்தார்கள். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. ‘சம்டே’ பாட்டு அப்பா போட்டுக்கொடுத்த மெட்டு இல்லையே.

கே: அமெரிக்காவில் வாங்கிய ‘இஸ் திஸ் இட்’ சிடியில் அட்டையும் வேறு, ஒரு பாட்டும் வேறாக இருக்கிறதே, போலியா?
– வாசகர், கோவை

ப: அசல்தான். மற்ற நாடுகளில் வந்த அட்டையில், கறுப்புக் கையுறை போட்ட கை ஒரு பெண்ணின் பின்புறத்தில் இருக்கும். கோலின் லேன் எடுத்த படம். அமெரிக்கப் பதிப்புக்கு மட்டும் அணுத்துகள்கள் விட்டுச்சென்ற தடங்களின் வண்ணப் படத்தை வைத்தார்கள். என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான்.

பாட்டு மாறியது வேறு கதை. ‘நியூயார்க் சிட்டி காப்ஸ்’ அந்த ஊர் போலீஸை நையாண்டி செய்கிற பாட்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் போலீஸ்காரர்களும் செத்துப்போன நேரத்தில் அதை வெளியிட மனம் வரவில்லை. சிடி வெளியீட்டை செப்டம்பர் 25-லிருந்து அக்டோபர் 9-க்குத் தள்ளி, ‘வென் இட் ஸ்டார்ட்டட்’ பாட்டைச் சேர்த்தார்கள். வினைல் இசைத்தட்டு மட்டும் அதே செப்டம்பர் 11 அன்று வெளிவந்துவிட்டதால் அதில் பழைய பாட்டு அப்படியே இருக்கிறது. பழைய சிடி வாங்குவதானால் பின்னட்டையில் ஒன்பதாவது பாட்டு எது என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.